முப்பத்திரண்டு பக்கங்களுக்குள்

படப்புத்தகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசகர்கள் உண்டு. ஒருவர் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் பெரியவர். மற்றவர் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, காதால் கதையைக் கேட்டுக்கொண்டே கண்ணால் படத்தைப் படிக்கும் குழந்தை. பெரியவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். குழந்தைக்கு இன்னும் எழுத்து தெரியாது. ஆகவே அவர் படித்து முடித்துத் தாளைப் புரட்டும்வரை அதன் கண்ணுக்குப் படத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. பல ஆண்டுகளாக எழுதியும் வரைந்தும் வந்த பிறகு, இந்த இருவரில் கூர்மையான வாசகர் குழந்தைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கதையின் எந்தப் பகுதியை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் தீர்மானிப்பதிலேயே என் வேலையின் பெரும்பகுதி கழிகிறது.

நம் நாட்டில் வெளிவரும் படப்புத்தகங்கள் பலவற்றில் எழுத்தாளர் ஒருவர், ஓவியர் வேறொருவர். பதிப்பாசிரியர்தான் இருவரையும் சேர்த்துவைக்கிறார். புத்தகம் அச்சாகி வரும்வரை இருவரும் நேரில் சந்திக்காமலே இருப்பதும் உண்டு. இரண்டு வேலைகளையும் நானே செய்வதால் எனக்கு அந்த இடைவெளி கிடையாது, ஆனால் தகராறு உண்டு. முதல் படியை எழுதும்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்: மழை பிடித்துக்கொண்டது, சிறுமி பாட்டியின் பழைய கறுப்புக் குடையை விரித்தாள், குடையில் ஒரு கம்பி உடைந்து தொங்கியது, அவளுக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி வந்தது. அதையே வரையத் தொடங்கியவுடன் மழையும் குடையும் உடைந்த கம்பியும் நாய்க்குட்டியும் தாளுக்கு வந்துவிடுகின்றன. அவற்றைச் சொன்ன வாக்கியங்கள் வேலையற்றுப் போகின்றன. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எஞ்சுவது, ‘அவள் பள்ளிக்குக் கிளம்பினாள்’ என்ற ஒற்றை வரி. அந்த வரியைத் தனியே படிப்பவர்களுக்கு அதில் பெருமைப்பட எதுவும் தெரியாது. படத்தோடு சேர்த்துப் பார்க்கும் குழந்தையோ, நாய்க்குட்டி வருவது கதைக்குள் இருக்கும் சிறுமிக்கும் தெரியாது, படித்துக் காட்டுபவருக்கும் தெரியாது, தனக்கு மட்டுமே தெரியும் என்பதைக் கண்டுகொள்கிறது. அந்தக் கண்டுபிடிப்பை அதற்கு விட்டுக்கொடுப்பதற்காகவே நான் என் வாக்கியங்களை அடிக்கிறேன்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் 1967இல் எழுதி வரைந்த ‘ரோசீஸ் வாக்’ இந்த உத்தியை அதன் எல்லைவரை கொண்டுசென்ற புத்தகம். பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பும் ஒரு கோழியைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியம்தான் அதன் முழு எழுத்தும். படங்களில் அந்தக் கோழிக்குப் பின்னால் ஒரு நரி பாய்ந்து பாய்ந்து வருகிறது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் எதிலாவது மாட்டிக்கொண்டு அடிபடுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே வருவதில்லை. ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் இதைக் காட்டும்போது, நரியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் புத்தகம் படுத்துவிடும் என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரமாவது தேவைப்படுகிறது; குழந்தைகளிடம் அந்த விளக்கத்துக்கு அவசியம் நேர்ந்ததில்லை.

எவ்வளவு சொல்லலாம் என்பதைப் போலவே, எத்தனை பக்கங்களில் சொல்லலாம் என்பதும் நம் விருப்பத்தில் இல்லை. படப்புத்தகத்துக்கு 32 பக்கங்கள் என்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்ட கணக்கு. அது அச்சகத்தில் பிறந்த கணக்கு. ஒரு பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கங்களும் மறு முகத்தில் எட்டுப் பக்கங்களும் அச்சாகி, தாள் மடிந்து வெட்டப்படும்போது 16 பக்கங்கள் கொண்ட ஒரு ஃபாரம் கிடைக்கிறது. இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. செலவைக் குறைக்க 24 பக்கங்களிலும் 16 பக்கங்களிலும் போடுகிறார்கள். நடுவில் பின் அடித்துத் தைக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே ஆக வேண்டும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம் எல்லாம் போக, கதைக்குக் கிடைப்பவை ஏறத்தாழ பதினான்கு விரிப்புகள், அதாவது திறந்த புத்தகத்தில் எதிரெதிரே தெரியும் பதினான்கு இரட்டைப் பக்கங்கள். சிறுகதை எழுதுபவர் தேவைப்பட்டால் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு பக்கம் கூடுதலாகத் தேவைப்பட்டால் அச்சகம் அனுமதிப்பதில்லை.

ஆகவே ஓவியத் தாளைத் தொடுவதற்கு முன், சாதாரண வெள்ளைத் தாள்களை மடித்துப் பின் அடித்து ஒரு டம்மி செய்துகொள்கிறேன். அதில் வரைவது குச்சி மனிதர்கள்தாம். டம்மியின் பயன் புரட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. வலப்பக்கத்தின் கடைசி வரியை முடித்து, விரல் தாளின் ஓரத்துக்குப் போகும் அந்த நொடியில் குழந்தையின் மனத்தில் ஒரு கேள்வி நிற்க வேண்டும்; பதில் தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கேள்வியும் பதிலும் ஒரே விரிப்பில் விழுந்துவிட்டால், குழந்தையின் கண் பதிலை முன்கூட்டியே பார்த்துவிடும், பெரியவர் எவ்வளவு நடித்துப் படித்தாலும் பலன் இருக்காது. தமிழை இடமிருந்து வலமாகப் படிப்பதால் பயணம் போகும் பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நடக்கும். வீடு திரும்பும்போது இடப்பக்கம் திரும்பும். இரண்டு பக்கங்களும் சேரும் நடு மடிப்பில் முகம் வந்துவிடக் கூடாது. மூக்கும் கண்ணும் பைண்டிங்குக்குள் போய்விடும். இவை எல்லாம் டம்மியில்தான் தெரியும், கணினித் திரையில் தெரியாது.

இந்தியாவில் வரைபவர்களுக்கு இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. வெளியே அதிகம் பேசப்படாதது, ஆனால் என் படங்களின் முகத்தையே மாற்றியது. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா, பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் ஒரே புத்தகத்தைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகின்றன. வண்ண அச்சில் சியான் என்ற நீலம், மஜந்தா என்ற சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. எழுத்து முழுவதும் கறுப்பு பிளேட்டில் மட்டும் இருந்தால், தமிழ்ப் பதிப்பை ஓட்டிய பிறகு அந்த ஒரு பிளேட்டை மட்டும் கழற்றிவிட்டு மலையாளத்துக்கோ இந்திக்கோ வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். குறைந்த பிரதிகளைக் குறைந்த விலையில் பல மொழிகளில் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை. இதன் விளைவு ஓவியரின் மேசைமேல் வந்து விழுகிறது. இரவுக் காட்சியை வரைகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நீல வானத்தில் வெள்ளை எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நான்கு மைகளில் வெள்ளை இல்லை. எழுத்தின் வடிவத்தில் நீலத்தை உண்டாக்கும் எல்லா மைகளையும் விலக்கித் தாளின் வெண்மையை விட்டால்தான் வெள்ளை எழுத்து கிடைக்கும். அப்படிச் செய்தால் மொழிக்கு மொழி எல்லா பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும். ஆகவே என் இரவுகளில் எங்காவது ஒரு வெளிச்சம் இருந்தாக வேண்டியிருக்கிறது: தெருவிளக்கு விழும் சுவர், திறந்த கதவு வழியே வரும் மஞ்சள் ஒளி, நிலவில் வெளுத்த மணல். கறுப்பு எழுத்து அங்கே வந்து உட்காரும். என் இரவுக் காட்சிகளில் பயம் இல்லை என்று ஒரு மதிப்புரையில் எழுதியிருந்தார்கள். அந்தப் பாராட்டில் ஒரு பங்கு கறுப்பு பிளேட்டுக்குச் சேர வேண்டியது.

கடைப் பலகைகளிலும் இதே சிக்கல்தான். நம் ஊர்த் தெருவில் எழுத்து இல்லாத ஓர் அடி சுவரைக் காண்பது அரிது. ஆனால் டீக்கடைப் பலகையில் ‘டீ’ என்று நான் தூரிகையால் எழுதிவிட்டால் வங்காளக் குழந்தையின் தெருவிலும் தமிழ் டீக்கடைதான் இருக்கும். எனவே பலகையில் எழுதுவதற்குப் பதிலாக ஒரு கண்ணாடி டம்ளரை வரைகிறேன், பேருந்தின் முகப்பில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாலையைத் தொங்கவிடுகிறேன். இடம் விடுவதிலும் கணக்கு வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழிலும் மலையாளத்திலும் பெரும்பாலும் அடங்குவதில்லை. நம் சொற்கள் வேற்றுமை உருபையும் கால இடைநிலையையும் தமக்குள் சேர்த்துக்கொண்டு நீளும். ஆங்கிலக் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு இடம் ஒதுக்கும் ஓவியரின் மேகத்தில் தமிழ் எழுத்து மோதிக்கொண்டு நிற்பதைக் கடைகளில் பார்க்கலாம். நான் முதலில் தமிழ் வரியை இட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேகத்தை வரைகிறேன்.

எதை வரைவது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றவர்கள் என் தலைமுறையிலும் உண்டு. ஓவியர் சங்கரின் வேதாளமும் விக்கிரமாதித்தனும் கண்ணுக்குள் நின்றதால், மன்னர்களையும் மாடமாளிகைகளையும் வரைய எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. சிரமம் பக்கத்து வீட்டை வரைவதில்தான். நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் அம்மா, வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள், ஆணியில் தொங்கும் வயர் கூடை, பரணில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் ஆகியவற்றை எனக்கு முன்னால் யாரும் எனக்காக வரைந்து வைத்திருக்கவில்லை. போய்ப் பார்த்து வரைய வேண்டியிருந்தது. தோலின் நிறத்துக்கும் அப்படித்தான். நீர்வண்ணத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு சிறிது அல்ட்ராமரின் நீலம் சேர்த்தால் நம் முகங்களுக்கான பழுப்பு நிறங்கள் அத்தனையும் கிடைத்துவிடும். அச்சில் அதே பழுப்பு மஞ்சளும் மஜந்தாவும் சியானும் கலந்து வருவதால், சியான் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் குழந்தையின் முகம் நோயாளியின் முகம்போலச் சாம்பல் பூத்துவிடும். அதனால் புரூஃப், அதாவது சோதனை அச்சு, பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது முகங்களைத்தான். ஒரு பதிப்பாளர், படம் கடைசிக் கட்டத்தை எட்டியபோது, கதாநாயகியைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தர முடியுமா என்று கேட்டார். அட்டை எடுப்பாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அட்டையின் பின்னணியை வெளிர்மஞ்சளாக்கி அனுப்பினேன். முகம் எடுப்பாகவே தெரிந்தது, அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற விவாதம் சிறார் நூல்களைப் பொறுத்தவரை முடிகிற விவாதம் அன்று. கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சை அவர்கள் பேசுகிறபடியும் எழுதுகிறேன், அவ்வளவுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வாயில் வழுக்காமல் வருவது. எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்கிறேன். தானாகப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கு எழுதுவது வேறு கணக்கு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்தன. முதல் படியில் இருக்கும் குழந்தைக்குப் புணர்ச்சியில் ஒட்டிக்கொண்ட நீண்ட சொல் ஒரு சுவர். இலக்கணப்படி சேர்த்தெழுத வேண்டிய சில இடங்களில் நான் பிரித்தே எழுதுகிறேன், தமிழாசிரியர்கள் சிலர் அதற்காக என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கதை சொல்லப் போகும்போது புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிப்பதைத் தவிர வேறு எதையும் நான் செய்வதில்லை. குரலை மாற்றி, கையை ஆட்டி நடித்தால் குழந்தைகள் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது அவர்கள் படத்தைப் பார்ப்பது. ஒருநாள் அந்தக் குடைக் கதை முடிந்ததும் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘மிஸ், நாய்க்குட்டி ராத்திரி எங்க தூங்கும்?’ என்று கேட்டாள். கதை பகலிலேயே முடிந்துவிட்டிருந்தது. பதில் சொல்லாமல், அவளுக்கு எங்கே தோன்றுகிறது என்று கேட்டேன். வகுப்பில் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். அன்றுமுதல் பின் அட்டையின் உட்புறத்தைக் காலியாக விட எனக்கு மனம் வருவதில்லை. கதை முடிந்த பிறகான ஏதோ ஒரு காட்சியை, ஒரு சொல்கூட எழுதாமல் அங்கே வரைந்துவைக்கிறேன்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். படப்புத்தகங்களை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டும் ஓவியர் யாரையும் நான் அறியேன். பாடநூல் படங்கள், விளம்பரம், பயிலரங்கு என்று மூன்று நான்கு இடங்களிலிருந்து வருவதைச் சேர்த்துத்தான் குடும்பம் நடக்கிறது. ஆனால் இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் பணத்தைவிட ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதுபவரையும் வரைபவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பதிப்பகத்தின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து கதை எழுதித் தருபவர், உரிமையை எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தாலொழிய அது அவரிடமே இருக்கிறது. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. எழுதியவளும் வரைந்தவளும் நானாகவே இருக்கும் ஒரு புத்தகத்தில், கதை எனக்கும் படம் பதிப்பாளருக்கும் சொந்தமாகிவிடலாம். ஆகவே ஓவியங்களின் உரிமை ஓவியருக்கே என்ற வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவதானால் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த மொழிகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும் இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். தாளில் வரைந்த மூலப் படங்கள் அச்சு முடிந்ததும் திரும்பி வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். வேறொருவர் கதைக்கு நான் வரையும்போது மட்டும் இன்னொரு வரியையும் கேட்டு வாங்குகிறேன்: அட்டையில் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும்.