லிவிங்ஸ்டன் கடிதங்களும் என் வைவாவும்

"இந்தக் கடிதத்தை யார் கொண்டுபோனாங்க?" வைவாவில், அதாவது ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே இதுதான். நான் முழித்தேன். ஆறு மாதம், ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் கடிதங்களோடு குடித்தனம் நடத்தியவன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பேன். எம்.ஏ. வரலாற்று ஆய்வேட்டுக்குக் கடிதங்களை எடுப்பவர்கள் என்னைப்போல முழிக்க வேண்டாம்.

1869-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிக்கரையில் இருக்கும் உஜிஜியிலிருந்து அவர் கட்டுக்கட்டாகக் கடிதம் அனுப்பினார். பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. கடற்கரைப் பக்கம் சான்சிபார் தீவுக்குப் போகிற அரபு, சுவாஹிலி வணிகர்களிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அவர்களில் பலர் அடிமை வியாபாரிகள். தங்கள் அட்டூழியம் அதில் எழுதியிருக்குமே என்ற பயம் அவர்களுக்கு. யார்மேல் புகார் எழுதினாரோ அவர்களே தபால்காரர்கள்! என் ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதனால் முதல் நாளே நோட்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: எங்கே, எப்போது எழுதியது, யாருக்கு, யார் கையில், எப்போது வெளிவந்தது. தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். லிவிங்ஸ்டனைத் தேடி வந்த பத்திரிகை நிருபர் ஸ்டான்லி உஜிஜிக்கு வந்தது ஸ்டான்லி கணக்கில் 1871 நவம்பர் 10, லிவிங்ஸ்டன் கணக்கில் அக்டோபர்.

நான் செய்த இன்னொரு தப்பு, லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகளை ஹொரேஸ் வாலர் தொகுத்து 1874-இல் வந்த அச்சுப் புத்தகத்திலிருந்து தொடங்கியது. லிவிங்ஸ்டன் கைப்பட எழுதிய 1871 களக்குறிப்பை முதலில் பாருங்கள். காகிதம் தீர்ந்துபோய், பழைய செய்தித்தாளைத் திருப்பிவைத்து, அச்செழுத்துக்குக் குறுக்கே, பழச்சாற்று மையில் எழுதியிருப்பார். மை மங்கிவிட்டதால் பல நிற ஒளியில் படமெடுத்துத்தான் படிக்க முடிந்தது; 'லிவிங்ஸ்டன் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கண் வலிக்கும், பரவாயில்லை. காங்கோப் பகுதி ஊரான நியாங்வேயில் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் நடத்திய சந்தைப் படுகொலை நாள் 1871 ஜூலை 15, அந்த ஒரு நாளை மட்டும் களக்குறிப்பிலும் வாலர் புத்தகத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே ஓர் அத்தியாயம் தேறும்.

என் நோட்டில் ஐந்து கட்டமும் நிரம்பிய வரிசை ஒன்று உண்டு. உஜிஜி, 1871 நவம்பர், 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை முதலாளி பென்னெட்டுக்கு, ஸ்டான்லி கையில், 1872-இல் அச்சில்.