கோபோலை இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

மாதுங்காவில் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான், "கோபோல் எல்லாம் இன்னும் இருக்காண்ணா?"

இருக்குடா. 1959-இல் உருவாகத் தொடங்கிய இந்தக் கணினி நிரல் மொழி, இன்றும் வங்கிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாற்றுவதற்குச் செலவு அதிகம் என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இது: 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கணினி எண்களை எழுதும் இரும முறையில், 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது. ஆனால் கோபோல் பைசாவைத் தசம எண்ணாகவே வைத்துக் கூட்டும். கோடிக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும் இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

போர்ட்ரான் என்ற இன்னொரு பழைய நிரல் மொழியும் (1957) அப்படித்தான், வானிலைக் கணிப்பில் இன்றும் ஓடுகிறது.

ஆனால் ஆள் இல்லாமல் மொழி நிற்காது. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோலில் ஓடிய அரசின் பழைய கணினிகளுக்காக, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே பொதுவில் கேட்டார். எனக்குச் சொல்லித் தந்த சாரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

மும்பையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது கற்க விரும்பினால் உள்பெட்டிக்கு வாங்க. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.