வெள்ளியை விற்று மனிதரை மீட்ட ஆயர்: ஆர்ல் நகரத் திருப்பயணம்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையிலுள்ள ஆர்ல் நகருக்கு வருவோரில் பலர் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கைக் காண வருகிறார்கள். நாங்கள் புனித செசாரியுஸை நாடிச் சென்றோம். கி.பி. 470 அளவில் காலோ-ரோமானிய (இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த ரோமானியப் பண்பாட்டு) உயர்குடி ஒன்றில் பிறந்த அவர், இளமையிலேயே லெரின் தீவு மடத்தில் சேர்ந்து, கடுந்தவத்தால் உடல் நலிந்து ஆர்லுக்கு அனுப்பப்பட்டவர். 502 முதல் 542இல் இறக்கும்வரை அந்நகரின் ஆயராக (பிஷப்பாக) இருந்தார்.

பழைய நகர மதிலை ஒட்டி, அவர் தம் சகோதரி செசாரியாவின் தலைமையில் 512இல் திறந்துவைத்த கன்னியர் மடம் இருந்த இடத்தில் முதலில் செபித்தோம். அங்கு சேரும் பெண்கள் அனைவரும் எழுத்தறிவு பெற வேண்டும் என்று அவர் வகுத்த ஒழுங்கை நினைக்கையில் நெஞ்சம் நிறைந்தது.

அருங்காட்சியகத்தில் அவர் அணிந்ததாகப் போற்றப்படும் பாலியம் என்னும் தோள்துகிலும், தந்தத்தாலான இடைக்கச்சைக் கொக்கியும் உள்ளன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அத்தந்தத்தில், ஆண்டவரின் கல்லறையைக் காக்க வந்த வீரர்கள் இருவர் உறங்குவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் விட்டுச்சென்றவற்றுள் வெள்ளிப் பாத்திரம் எதையும் நான் காணவில்லை. அதற்குக் காரணம் அவருடைய வரலாற்றிலேயே இருக்கிறது.

507-508இல் ஜெர்மானிய இனத்தவரான பிராங்கியரும் பர்கண்டியரும் ஆர்லை முற்றுகையிட்டுத் தோற்றபின், பிடிபட்ட போர்க்கைதிகள் நகரின் ஆலயங்களில் பசியோடு அடைபட்டுக் கிடந்தார்கள். நேற்றுவரை நகரைத் தாக்கியவர்கள் அவர்கள். கிறிஸ்துவை அறியாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். செசாரியுஸ் முதலில் உணவும் உடையும் கொடுத்தார். பிறகு ஆலயக் கருவூலத்தைக் காலி செய்து, தூபக்கலசம், திருக்கிண்ணம், அப்பத்தட்டு என ஒவ்வொன்றாக விற்று, அவர்களை விலை கொடுத்து மீட்டார். மனிதரின் மீட்புக்காகத் தம்மையே கையளித்தவருக்கு இது விருப்பமில்லாததாக இராது என்பதே குறை கூறியோருக்கு அவர் அளித்த பதில். ஆலயத் தூண்களிலும் கிராதிகளிலும் வெள்ளித் தகடுகளைப் பெயர்த்தபோது விழுந்த கோடரி வெட்டுகள் தங்கள் நாளிலும் தெரிந்ததாக, அவருடைய வரலாற்றை எழுதிய சீடர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த வெட்டுகளைவிடப் புனிதமான சிற்ப வேலை எந்த ஆலயத்திலும் இருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

513இல் இத்தாலியின் ராவென்னா நகரில், அந்நாட்டை ஆண்ட கோத்திய மன்னர் தியோடோரிக் ஏறத்தாழ அறுபது ராத்தல் எடையுள்ள வெள்ளித் தட்டையும் 300 பொற்காசுகளையும் அவருக்குப் பரிசளித்தார். தட்டைத் தம் நினைவாக வைத்துக்கொள்ளும்படி மன்னர் கேட்டிருந்தும், மூன்றாம் நாளே அது சந்தைக்குப் போய், அந்தப் பணத்தில் கைதிகள் விடுதலையானார்கள். அவர்களை நினைத்தே, இன்று சிறையில் வாடுவோருக்காகவும் பிணையாகப் பிடிக்கப்பட்டோருக்காகவும் அப்புனிதரிடம் மன்றாடினோம்.