32 தென்னம்பிள்ளைகளும் ஓர் உறுதியும்

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் அப்பா விட்டுப்போன காணி 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். தென்னை நடுகைக்கு மானியம் கிடைக்கிறது என்று எங்கள் கிராம அலுவலர், விதானையார், சொன்னதும் விண்ணப்பம் எடுத்துவந்தேன். 26 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 64 பிள்ளை. எனக்கு 32.

படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும். உறுதிக்குத்தான், அதாவது காணிப் பத்திரத்துக்குத்தான், 7 மாதம். காணி இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. அண்ணா கனடாவில், தங்கை பிரான்சில். இருவரும் தங்கள் சார்பில் கையெழுத்திட எனக்கு அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவம் அனுப்பி, நொத்தாரிசு உறுதி முடித்து, அதைப் பதிந்து எடுக்கும்வரை எதுவும் நகரவில்லை. அப்புறம் அலுவலகத்தில் கோப்பையே காணவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்தேன். இதற்குப் போகிறவர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வைத்திருங்கள்.

பிள்ளை நட வெட்டும் கிடங்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் 3 அடி. எங்கள் பக்கம் ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அலவாங்கால் கொத்தி உடைத்து, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கி, மேல்மண்ணும் எருவும் போட்டு, ஐப்பசி மழையோடு நட்டோம்.

நட்டோம் என்கிறேன், வளர்த்தது பக்கத்து வளவு அக்கா. எங்கள் காணியைக் குத்தகைக்கு எடுத்து மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர். சித்திரை வெயிலில் ஒன்றுவிட்ட ஒருநாள் கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றினார்.

மானியம் தவணையாகத்தான் வரும், அதுவும் தப்பிய பிள்ளைகளை எண்ணிய பிறகு. பார்க்க வந்த உத்தியோகத்தர் ஒவ்வொரு குருத்தையும் இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். அழுகியிருந்தால் கையோடு வந்துவிடும். இரண்டு வந்தன. 30 என்று எழுதினார்.

பணம் என் கணக்குக்கு வந்தது. நான் நிரப்பிய படிவத்தில் குத்தகைக்காரருக்கு ஒரு வரிகூட இல்லை. இது சரியில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ காணிகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில், கிணற்றடியில் நிற்பவர் வேறு ஆள். சொந்தக்காரரின் சம்மதக் கடிதமும் விதானையாரின் உறுதிப்படுத்தலும் இருந்தால் செய்கிறவர் கையிலேயே கொடுக்கலாமே.

முதல் தவணையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். பாதியை மட்டும் வாங்கினார். "மிச்சத்துக்குக் குழாய் வாங்கித் தாரும் தம்பி, அடுத்த கோடைக்கு முதல் போடவேணும்" என்றார்.