பட்டம், பாத்தி, புலமைப்பரிசில்: எங்கள் வீட்டு 2025

2025 தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்று என்று பிள்ளைகளோடு செய்வதற்கு 12 வேலைகள் எழுதி வைத்தேன். கோடு போட்டு, பக்கத்தில் சரி போடப் பெட்டியும் கீறி, வடிவாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நான்கு பெட்டியில்தான் சரி விழுந்திருக்கிறது. ஆனால் உள்ளே எழுதின பக்கங்கள் 50க்கு மேல். பாதிக்கு மேல் பட்டியலில் இல்லாத விசயங்கள்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், இவர், என் அம்மா, பெரியவன், சின்னவள். அந்த வருசம் பெரியவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை, சொன்னவுடனேயே இங்கே இருக்கிறவர்களுக்கு மிச்சக் கதை விளங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் சின்ன வளவு. பின்னால் இரண்டு பனை, ஒரு முருங்கை, மதில் கட்டி மிஞ்சின ஒரு குவியல் மணல். அந்த மணலை ஆரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி இவரை ஒரு வருசமாக அரித்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுக்காமல் விட்டது நல்லதாகப் போனது, அது பிறகு.

தை மாதம் பட்டம். இது பட்டியலிலும் இருந்தது, காற்றும் இருந்தது. மூங்கில் சீவி, கோதுமை மாப் பசை காய்ச்சி, எட்டுமூலைப் பட்டம் ஒன்று கட்டினோம். இவருக்குச் சின்ன வயதில் கட்டின பழக்கம் இருக்கிறது என்று நம்பித்தான் இறங்கினேன். அவருக்கு ஞாபகம் இருந்தது ஏற்றினது மட்டும்தான், கட்டினது அவருடைய அண்ணா என்பது பட்டம் மூன்றாம் தரம் தலைகீழாக வந்து குத்தின பிறகுதான் வெளியே வந்தது. தடியைத் தடிப்பாகச் சீவியது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை முச்சை, பட்டத்தை ஏற்றுகிற நூலோடு சேர்க்கிற மூன்று நூல் கட்டு. மூன்று நூலையும் ஒரே அளவில் கட்டியிருந்தோம். பட்டம் காற்றுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, நிலத்துக்கு வந்துவிடும்.

பொங்கலன்று, 14ஆம் திகதி பின்னேரம், வல்வெட்டித்துறைக்குப் போனோம். உதயசூரியன் கடற்கரையில் வருசா வருசம் நடக்கிற பட்டப் போட்டி. சனத்துக்குள்ளே சின்னவளைத் தோளில் ஏற்றிவைத்துக்கொண்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவன் மட்டும் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னடா என்றால், "அம்மா, அவையள் முச்சை கட்டுறதைப் பாருங்கோ, மேல்நூல் கட்டையாய் இருக்கு" என்றான். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அண்ணாவிடம், ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை, கொண்டுபோய்க் காட்டினான். அவன் மேல் நூல் இரண்டையும் நாலு விரல் அளவுக்குக் குறைத்து முடிந்து கொடுத்தான், அவ்வளவுதான் செய்தது. பட்டத்தின் தலை காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, ஏறிவிட்டது. நாலு விரல்! இரண்டு கிழமை மினக்கெட்டது அதுக்காகத்தான்.

பிறகு விண், பட்டத்தில் கட்டினால் காற்றில் கூவுகிற வில், வேண்டும் என்று ஒரே பிடி. இரவில் பட்டத்தைக் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை விண் கூவிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தம் கேட்காத தை மாதம் எங்கள் ஊரில் இல்லை. பார்சல் கட்டுகிற நாரை வில்லில் இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பொருத்தினோம். 20 நிமிடம் கூவியது. பிறகு பாரம் தாங்காமல் சரிந்து முருங்கையில் சிக்கியது. முருங்கைக் கொப்பு எப்படி முறியும் என்று தெரியும்தானே, ஆரும் ஏறவில்லை, பட்டம் மாசி வரைக்கும் அங்கேயே தொங்கியது. ஒன்று சொல்லவேண்டும்: கரண்டுக் கம்பி இருக்கிற ஒழுங்கையில் ஏற்றவே கூடாது என்று முதலிலேயே சட்டம் போட்டோம். கோயில் பின் வெளிக்குத்தான் போவது.

போன வருசத்து வகுப்பே தை கடைசி மட்டும் இழுபட்டதால் புது வகுப்பு ஜனவரி 27தான் தொடங்கியது. அதோடு விளையாட்டுப் போட்டிப் பரபரப்பு. சின்னவள் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்துக்கு வீட்டுக்குள்ளே பழகினதில் எட்டு தேசிக்காய் நசிந்தது, ஊறுகாய் போட்டேன். அவள் நாலாவதாக வந்தாள். அவளுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் முகம் விழுந்தது. மாசிக்கு எழுதியிருந்த கடதாசிப் பூ, பங்குனிக்கு எழுதியிருந்த களிமண் வேலை, இரண்டும் நடக்கவேயில்லை.

சித்திரை விடுமுறையில் சின்னவளுக்குச் சைக்கிள். பெரியவனுக்குப் பழக்கினபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி என் இடுப்பு போனது, அதனால் இந்தமுறை வேறு மாதிரிச் செய்து பார்த்தேன். இரண்டு பெடலையும் கழற்றி, சீற்றை அவளுடைய இரண்டு பாதமும் நிலத்தில் முழுக்கப் படுகிற அளவுக்கு இறக்கிவிட்டேன். காலால் தள்ளித் தள்ளிப் போகவேண்டியதுதான், பெடல் என்ற கதையே இல்லை. முதல் இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் நாலைந்து தள்ளுக்கு ஒருதரம் இரண்டு காலையும் தூக்கினாள். ஐந்தாம் நாள் கோயில் வீதியில் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை வரைக்கும் கால் படாமல் உருண்டாள். அன்றைக்கே பெடலைப் பூட்டிக் கொடுத்தேன், அரை மணித்தியாலத்தில் ஓடினாள். விழுந்தது ஒருதரம்தான், அதுவும் பிரேக்கைப் பிடிக்காமல் காலால் நிறுத்தப் பார்த்து. பெடலைக் கழற்றும்போது ஒரு குறிப்பு: இடப்பக்கப் பெடல் மற்றப் பக்கத்துக்கு மாறித்தான் கழரும். தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருந்தேன், சைக்கிள் கடை ஐயா சிரித்தார்.

வைகாசியிலிருந்து கொப்பியில் எழுத்துக் குறைகிறது. ஆனி, ஆடி முழுக்க வெறும் எண்கள்தான்: 142, 151, 138, 149. கிழமைக்கு ஒரு மாதிரிப் பரீட்சை, இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு, மூன்றரைக்கு ரியூசன், ஞாயிறு காலையும் ரியூசன். எல்லாப் பிள்ளைகளும் போகினம் என்று நானும் விட்டேன். அந்த நேரம் சரியாகத்தான் பட்டது. ஞாயிறு விடிந்தால் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினான். முதல் இரண்டு கிழமை சீரகத் தண்ணி கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் கிழமை அம்மா, "பிள்ளை, அது வயிற்றில இல்லையடி" என்றா. அப்போதும் அனுப்பினேன். இதைக் கொப்பியில் எழுதவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

ஜூலை 17 ஆடிப்பிறப்பு. வியாழக்கிழமை, ரியூசன் நாள். பின்னேரம் அம்மா கூழுக்கு அடுக்குப் பண்ணிக்கொண்டிருந்தா. வறுத்த பச்சையரிசி மா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். அவன் பையைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரியூசனுக்கு எடுத்து, பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவன் தேங்காய்ச் சொட்டுச் சீவினான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். சின்னவள் கொழுக்கட்டைக்குப் பல்லுப் பிடித்தாள், அவித்து எடுக்கும்போது பாதி வாயைத் திறந்துகொண்டு பயறு வெளியே. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கூழ் குடித்தோம். அந்த ஒரு நாள் மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 29 நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம். 25 நாள் திருவிழாவில் 13ஆம் நாளில் வந்தது பரீட்சை, ஓகஸ்ட் 10 ஞாயிறு. ஒழுங்கை முழுக்கத் தண்ணீர்ப்பந்தல், பாட்டு, பிள்ளை உள்ளே இருந்து வினாத்தாள் செய்கிறான். சோதனை முடிந்து வெளியே வந்தவன் சொன்ன முதல் வார்த்தை "ஐஸ்கிறீம்". கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நேரே ஐஸ்கிறீம் கடை. தேருக்கும் போனோம், சனத்தில் சின்னவளின் ஒரு செருப்புத் தொலைந்தது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. பட்டியலில் ஆவணிக்கு எழுதியிருந்தது "நூலக வாசிப்பு". யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இரண்டு சனிக்கிழமை போனதும் உண்மைதான். ஆனால் அந்த மாதம் முழுக்க நடந்தது பனை. பின்னால் நிற்கிற இரண்டில் ஒன்று பெண் பனை, இரவில் பழம் விழுகிற சத்தம் கேட்கும். மற்றது ஏன் காய்க்கவில்லை என்று சின்னவள் கேட்க, அது ஆண் பனை, பாளைதான் வரும், காய்க்காது என்று அம்மா சொன்னா. "அப்ப அது சும்மாதான் நிக்குதோ, அப்பா மாதிரி?" இவர் கேட்டும் கேளாத மாதிரிப் பேப்பர் வாசித்தார்.

பழத்தைத் தோல் உரித்து, கொஞ்சம் தண்ணி தெளித்துப் பிசைந்து களி எடுக்கவேண்டும். எல்லாப் பழமும் ஒன்றல்ல, சிலது கசக்கும், ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். நாங்கள் பார்க்காமல் ஒரு கசப்புப் பழத்தைச் சேர்த்து முதல் சட்டி முழுக்கப் பழுதாகியது. இரண்டாம் தரம் களியைத் துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டுக் கோதுமை மாவோடு குழைத்துப் பணியாரம் சுட்டோம். சூட்டோடு சாப்பிடுவதைவிட அடுத்த நாள்தான் ருசி, அடுத்த நாள்வரை இருந்தால். பனாட்டு சரிவரவில்லை. பாயில் களியை ஊற்றிக் காயவிட்டு, அதன் மேல் நாளுக்கு ஒருதரம் ஊற்றவேண்டும், நான் நாலாம் நாள் மழை இருட்டில் உள்ளே எடுக்க மறந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுத்த வருசம் ஆவணிக் கடைசிக்கு விடாமல் முதலே தொடங்கவேண்டும்.

கொட்டைகளை எறிய அம்மா விடவில்லை, புதைத்தால் பனங்கிழங்கு வரும். அப்போதுதான் அந்த மணல் குவியல். செப்ரெம்பர் நடுவில், ஒரு அடி உயரத்துக்கு மணலைப் பரவி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூடினோம். பெரியவன் எண்ணினான், 112. உயரம் போதும் என்று நான் சொல்ல, "மாரி வரட்டும், அப்ப சொல்லு" என்று அம்மா இன்னும் இரண்டு தாச்சி மண் கொட்டுவித்தா. மழை வரும்வரை பின்னேரத்தில் தண்ணி ஊற்றுவது அவன் வேலை.

இதற்கு இடையில், செப்ரெம்பர் தொடக்கத்தில், பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே, கொஞ்சம்தான் கீழே. என் தொலைபேசியைத்தான் இரண்டு தரம் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப இனி ஞாயிற்றுக்கிழமை ரியூசன் இல்லையாம்மா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சொந்தக்காரர் எடுத்த அழைப்புகளுக்கு அன்றைக்கு அம்மாதான் பதில் சொன்னா.

ஐப்பசியில் நவராத்திரி முடிந்து கொஞ்ச நாளில் ஒரு கொட்டையைத் தோண்டி வெட்டிப் பார்த்தோம், உள்ளே வெள்ளையாகப் பூரான், முளைக்கிற பனங்கொட்டைக்குள் வருகிற பருப்பு. பஞ்சு மாதிரி, மெல்லிய இனிப்பு. அதன் பிறகு நாளுக்கு ஒன்று காணாமல் போனது. கோழிதான் கிண்டுகிறது என்று பெரியவன் சொன்னான். கோழிக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மலையகத்தில் நடந்ததைச் செய்தியில் பார்த்த பிறகு எங்கள் வளவில் கணுக்கால் அளவு தண்ணி நின்றதைப் பெரிய கதையாகச் சொல்ல மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் பூட்டு, கரண்டு இல்லை, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கரம் விளையாடினோம். தண்ணி பாத்தியின் ஒரு கரையைக் கரைத்துவிட்டது, மிச்சம் தப்பியது. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாச்சி மண்ணை ஒருதரம் பார்த்தா, என்னை ஒருதரம் பார்த்தா.

2026 தை தொடக்கத்தில் கிழங்கு கிண்டினோம். மேலிருந்து மண்வெட்டியால் கொத்தி முதல் ஒன்பதையும் பெரியவன் முறித்துவிட்டான். பிறகு ஒரு பக்கமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் இழுத்தால் முழுதாக வரும் என்று தெரிந்தது. மொத்தம் 71. பாதியை அவித்தோம், தும்பை உரித்து, நடுவில் இருக்கிற பீலியை எடுத்துப்போட்டு, உள்ளி, மிளகு, உப்போடு இடித்துத் துவையல். மிச்சத்தைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் ஒடியலுக்குப் போட்டிருக்கிறது, காய்ந்தால் மா இடித்து நண்டும் இறாலும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ். வெறும் கொட்டைகளை ஊமலாக அடுக்கி வைத்திருக்கிறோம், காய்ந்த பிறகு அடுப்புக்கு.

புதுக் கொப்பி வாங்கவில்லை, பழையதிலேயே 20 பக்கத்துக்கு மேல் கிடக்கிறது. பட்டியலும் போடவில்லை. வெளியே வாடை நன்றாக வீசுகிறது. பெரியவன் இந்தமுறை தடியை மெல்லிசாகச் சீவி, கொக்குப் பட்டம் கட்டப்போகிறானாம், முச்சைக்கு விரல் அளவு சரிவராது, அடிமட்டம் வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடுகிறான். அடிமட்டம் சின்னவளிடம்தான் இருக்கிறது, முருங்கைக்குக் கீழே எதற்கோ குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள்.