பள்ளம் எந்தப் பக்கம்? அக்காவுக்காகப் போட்ட ஆல்ப்ஸ் பயணத் திட்டம்

ஆல்ப்ஸ் பக்கம் காரில் போகிறவர்கள் முதலில் குறித்துக்கொள்வது பேர்போன கணவாய்களைத்தான். இத்தாலியில் ஸ்டெல்வியோ, 2757 மீட்டர், பிராட் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆஸ்திரியாவில் க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலை, 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா. இந்த மூன்றையும் எடுத்த எடுப்பிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். எங்கள் வண்டியை ஓட்டப்போவது ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அக்கா, அவளுக்கு மலைச்சாலையில் பள்ளத்தைப் பார்த்தால் கை நடுங்கும். எனக்கு ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் அம்மா.

அக்கா பயந்தவள் இல்லை. ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் 150 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவள். சின்ன வயதில் கொல்லிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு 70 வளைவையும் எட்டி எட்டிப் பார்த்தவள். அதனால் அவளுக்கு எதில் பயம் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை, நேரடியாகவே கேட்டேன். "உயரமா இருக்கிறது பிரச்சினை இல்லடி, என் கையே ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பிடுமோன்னுதான் உதறுது" என்றாள். திட்டம் முழுக்க இந்த ஒரு பதிலிலிருந்துதான் பிறந்தது.

அதற்கப்புறம் வரைபடத்தில் உயர எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சாலையின் ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் இருக்கும் யூலியர் கணவாய் 2284 மீட்டர், ஃபுர்கா 2429, இரண்டுக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யூலியர் அகலமான சாலை, குளிர்காலத்திலும் திறந்திருக்கும், மேலே போனால் வெட்டவெளி மாதிரிதான் இருக்கும். ஃபுர்காவில் ரெயால்ப் பக்கம் சாலை குறுகிப்போய், ஓரத்தில் தடுப்பு என்று சொல்ல சில இடங்களில் குட்டைக் கல் மட்டும்தான். ஸ்ட்ரீட் வியூவில் வளைவு வளைவாக நகர்த்திப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். இரவெல்லாம் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று, போகும் திசை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் வண்டி வலப்பக்கம் ஓடும், ஆகவே பள்ளம் வலப்பக்கம் இருந்தால் நம் சக்கரம் விளிம்போரம், இடப்பக்கம் இருந்தால் நடுவில் முழுசாக ஒரு எதிர்த்தடம் இருக்கும், நமக்கு மலைச்சுவர்தான் பக்கத்தில். இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைச் சாலையைப் பொசிட்டானோவிலிருந்து சலேர்னோவுக்கு ஓட்டுவதும் சலேர்னோவிலிருந்து பொசிட்டானோவுக்கு ஓட்டுவதும் பயப்படுகிறவருக்கு இரண்டு வேறு சாலைகள். முன்னதில் கடல் வலப்பக்கம், பின்னதில் இடப்பக்கம். எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதை முதல் வரியில் சொல்ல வேண்டும் என்பேன்.

சரி, எங்கள் வழிக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பெர்ன், ஸ்பீட்ஸ், அங்கிருந்து காண்டர்ஷ்டேக். இங்கேதான் சுவிஸ்காரர்களின் அருமையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது: காரோடு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். 1913-ல் திறந்த லோட்ச்பெர்க் சுரங்கம், 14.6 கிலோமீட்டர், மலைக்கு அந்தப் பக்கம் கோப்பன்ஷ்டைனில் இறக்கிவிடும். முன்பதிவு வேண்டாம், வரிசையில் நின்றால் போதும்.

ஏறுவது எப்படி என்று அக்காவுக்கு முன்கூட்டியே வீடியோ காட்டியிருந்தேன். ரயிலின் ஒரு முனையில் ஏறி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டும். கீழே இரும்புத் தகடு, டயர் படும்போதெல்லாம் தடதடவென்று அதிர்கிறது. மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் திறப்பு. முன்னால் நின்ற வேனுக்குப் பின்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கால் மணி நேரம் கும்மிருட்டு, காது அடைக்கிற சத்தம். அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியபின் டேஷ் என்ற ஊர் வரை கார். அதற்கு மேல் செர்மாட்டுக்குக் காரை விடமாட்டார்கள், ரயில்தான். அங்கிருந்து பல்சக்கர ரயிலில் 3089 மீட்டர் உயரத்திலிருக்கும் கோர்னர்கிராட். அக்கா அங்கே கம்பியோரம் நின்று பனியாற்றைப் படம் எடுத்தாள். ஸ்டியரிங் கையில் இல்லை, பயமும் இல்லை.

திரும்பும்போது ஃபுர்காவைக் கடக்க வேண்டும். அதற்கும் கார் ரயில் இருக்கிறது, ஓபர்வால்டிலிருந்து ரெயால்ப் வரை, 1982-ல் திறந்த 15.4 கிலோமீட்டர் சுரங்கம். போனிலிருக்கும் வழிகாட்டி இதை நமக்காகத் தேர்ந்தெடுக்கும் என்று நம்பக்கூடாது, கணவாய் திறந்திருந்தால் மேலே ஏற்றிவிடப் பார்க்கும். சேர வேண்டிய இடமாக ஓபர்வால்ட் நிலையத்தையே போட்டேன்.

மிச்சமிருந்தது ஆண்டர்மாட்டிலிருந்து கோஷெனன் வரை ஷோலெனன் பள்ளத்தாக்கு இறக்கம். சில கிலோமீட்டர்தான், நிறைய இடத்தில் கூரை போட்ட சாலை. காலையில் நெரிசல் வருமுன் கிளம்பினோம். கீழ் கியரில் மெதுவாக, பின்னால் யாராவது நெருக்கினால் ஒதுங்க இடம் வந்ததும் விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: "ஐயோ அங்க பாரேன்" மட்டும் சொல்லாதீங்க. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தரப்பட்ட வேலை அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று நிதானமான குரலில் சொல்வது. கோஷெனனில் நெடுஞ்சாலை ஏறியதும் அக்கா பாட்டுப் போடச் சொன்னாள்.

அடுத்து குரோஷியா. போகும்போது உள்நாட்டு நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கிவிட்டு, டுப்ரோவ்னிக்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாக வந்தால் கடல் இடப்பக்கம் இருக்கும், அது முடிவாகிவிட்டது. வழியில் 2022-ல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் இருக்கிறது, 2.4 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறுவதா, இல்லை பழையபடி போஸ்னியாவின் நெயும் ஊர் வழியாக இரண்டு எல்லைச் சாவடிகளைக் கடப்பதா என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. அவள் சொல்கிறபடிதான் அறை போட வேண்டும்.