தொட்டி, சம்ப், மோட்டார்: ஹோம் அசிஸ்டன்ட் விதிகளோடு ஆறு வாரம்

எங்கள் வீட்டில் தரைக்கடியில் ஒரு சம்ப், மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி, நடுவில் 1 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார். தொட்டி 25 சதவீதத்துக்கு இறங்கினால் மோட்டார் தானாக ஓட வேண்டும், 90 ஆனதும் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஆறு வாரம் ஓடியது.

முதல் வாரம்

வீட்டுக் கருவிகளை நாம் எழுதும் விதிகளின்படி தானாக இயக்கும் மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் அது முன்பே ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் தொட்டி மூடிக்கு அடியில், ஒலியலையால் தண்ணீர் மட்டத்தை அளக்கும் தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, கீழே மோட்டார் பக்கத்தில் ரிலே எனும் சிறு மின்சுவிட்ச் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ஈ.எஸ்.பி. போர்டு (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு போர்டு). இவ்வகை சென்சாருக்கு முகத்துக்கு மிக அருகில் இருப்பது தெரியாது. ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளவு தாறுமாறாகிவிடும். நான் 90 சதவீதத்தோடு நிறுத்துவதற்கு அதுவே காரணம்.

ரிலேயில் நேரடியாக மோட்டாரைக் கொடுக்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்த விதி எழுதியும் நிறுத்த முடியாது என்றார். அதனால் நடுவில் கான்டாக்டர் எனும், அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச். ரிலே கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்குகிறது, கான்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது. கூடவே ஆட்டோ, மேனுவல் என்று ஒரு மாற்றுச் சுவிட்சும் வைத்துக்கொடுத்தார்.

இரண்டாம் வாரம்

விதி எழுதினேன்: அளவு 25-க்குக் கீழே போனால் மோட்டாரைப் போடு. மூன்று நாள் சரியாக ஓடியது. நான்காம் நாள் காலை தொட்டி 11 சதவீதம், மோட்டாரோ அசையவே இல்லை.

முந்தைய இரவு மென்பொருளைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்திருந்தேன். அந்த இடைவெளியில் தொட்டி 25-ஐத் தாண்டி இறங்கிவிட்டது. விதியைத் தொடங்கிவைப்பது தூண்டல் (ட்ரிக்கர்). எண் அளவைக் கொண்ட தூண்டல், அளவு எல்லையைக் கடக்கும் கணத்தில்தான் இயங்கும். ஏற்கெனவே எல்லைக்குக் கீழே இருப்பதை அது கவனிக்காது. தூண்டலுக்குப் பிறகு சரிபார்க்கும் நிபந்தனை (கண்டிஷன்) அப்படியில்லை, கேட்கும் நேரத்தில் நிலைமை என்ன என்று பார்க்கும். இந்த வேறுபாடு புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் பிடிபட்டது. தூண்டலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டு, 25-க்குக் கீழே என்பதை நிபந்தனைக்குக் கொண்டுபோனேன்.

மூன்றாம் வாரம்

மோட்டார் ஓடும்போது கண்காணிக்க ஒரு சுழற்சி எழுதினேன். மோட்டாரைப் போடு, 30 விநாடி காத்திரு, அளவைப் பார், 90 ஆகும்வரை திரும்பச் செய். இதற்கு ஹோம் அசிஸ்டன்டில் 'வைல்', 'அன்டில்' என்று இரண்டு வகை உண்டு. வைல் உள்ளே நுழையும் முன்பே நிபந்தனையைச் சரிபார்க்கும்; அன்டில் ஒரு சுற்று முடித்த பிறகுதான் சரிபார்க்கும். எனக்கு அன்டில் பொருத்தமாகப் பட்டது.

வியாழக்கிழமை மதியம் அம்மா மாடியில் துணி காயப்போடப் போனவர், தண்ணீர் வழிந்து படிக்கட்டு வரை வந்துவிட்டது என்று கூப்பிட்டார். மேனுவலுக்குத் திருப்பி மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஹோம் அசிஸ்டன்டின் பதிவைத் (லாக்) திறந்தேன். மாடி போர்டுக்கு வைஃபை அறுந்திருந்தது. சென்சாரின் மதிப்பு எண்ணாக இல்லை, 'கிடைக்கவில்லை' என்று நின்றது. சென்சாரின் மதிப்பை எடுத்துக் கணக்கிடும் என் டெம்ப்ளேட்டில், எண் கிடைக்காவிட்டால் 0 என்று எடுத்துக்கொள் என எழுதியிருந்தேன். தொட்டி வழிந்துகொண்டிருக்க, சுழற்சி ஒவ்வொரு 30 விநாடிக்கும் தொட்டி காலி என்றே படித்திருக்கிறது.

அந்த 0-ஐ 100 ஆக்கினேன். சென்சார் செத்தால் தொட்டி நிறைந்ததாகவே வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் ஏறாமல் போனால் அம்மா சுவிட்சைப் போட்டுக்கொள்வார். வழிந்து வீணாகும் தண்ணீரை யாரும் திருப்பி ஊற்ற முடியாது.

சுற்றுகளுக்கும் வரம்பு வைத்தேன். 25-இலிருந்து 90-க்கு ஏற எங்கள் மோட்டாருக்கு 18 நிமிடம் ஆகிறது. 38 சுற்று, அதாவது 19 நிமிடம், அதற்கு மேல் கிடையாது.

நான்காம் வாரம்

சம்ப் வறண்டால் என்ன செய்வது? தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் சீல் சூடேறிக் கெட்டுவிடும். மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கும் சிறு மாட்யூல் ஒன்று வாங்கிக் கோத்தேன். தண்ணீர் ஏறும்போது 5 ஆம்பியரை ஒட்டி நிற்கிறது, வெறுமனே ஓடினால் 3-க்கு இறங்குகிறது. 3.5-க்குக் கீழே போனால் சுழற்சியை விட்டு வெளியேறு என்று சேர்த்தேன். முதல் சுற்றில் பைப்பில் இருக்கும் காற்று வெளியேறும்வரை அளவு குறைவாகவே காட்டுவதால், இந்தச் சோதனை இரண்டாம் சுற்றிலிருந்துதான்.

சனிக்கிழமை சம்ப் உண்மையிலேயே வறண்டது. மோட்டார் ஒரு நிமிடத்தில் நின்றது. எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. பத்து நிமிடம் கழித்து மோட்டார் மறுபடி கிளம்பி ஒரு நிமிடம் வறண்டு ஓடி நின்றது. அடுத்த பத்து நிமிடத்தில் மீண்டும்.

உள்ளே இருந்த சுழற்சிக்கு வெளியேறும் வாசல்கள் வைத்த நான், வெளியே இருந்ததைப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும் தூண்டலும் ஒரு சுழற்சிதான், அதற்கு முடிவே இல்லை. கரண்ட் குறைவால் நின்றால் மென்பொருளுக்குள் ஒரு பூட்டை இயக்கு, பூட்டு இருக்கும்வரை விதி தொடங்கக் கூடாது என்று எழுதினேன். சம்பில் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, கையால்தான் பூட்டை எடுக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம்

மோட்டார் ஏன் நின்றது என்று கைப்பேசிக்குச் செய்தி வர 'சூஸ்' அமைப்பைப் பயன்படுத்தினேன். மேலிருந்து கீழாகப் பார்த்து, பொருந்தும் முதல் கிளையை மட்டும் நிறைவேற்றும், மீதியைத் தொடாது. மாடி போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கிச் சோதித்தேன். மோட்டார் நின்றது. செய்தியோ 'தொட்டி நிறைந்தது' என்று வந்தது! செத்த சென்சாருக்கு நான் கொடுத்த 100, '90-க்கு மேல்' என்ற முதல் கிளைக்கு அப்படியே பொருந்திவிட்டது. 'சென்சார் கிடைக்கவில்லை' என்ற கிளையை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினேன்.

விளக்குகளுக்கும் ஒரு சுழற்சி எழுதினேன்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு அறையாகப் பார்த்து, ஆள் இல்லாவிட்டால் விளக்கை அணைக்கும். அரை மணி நேர வேலை, தொந்தரவே இல்லை.

ஆறாம் வாரம்

"மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடிவிடாதே?" என்று அம்மா கேட்டார். அதுவரை நான் யோசித்திராத கேள்வி. சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோம் அசிஸ்டன்ட் மறுதொடக்கம் ஆனால், அது விட்ட இடத்திலிருந்து தொடராது, அங்கேயே மடிந்துவிடும். ரிலே போட்ட நிலையிலேயே இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டியவர் இல்லை.

எனவே கடைசி வாசலை மோட்டார் பக்கத்து போர்டுக்குள்ளேயே வைத்தேன். போர்டை இயக்கும் ஈ.எஸ்.பி.ஹோம் என்ற மென்பொருளில், போர்டுக்கு மின்சாரம் வந்ததும் ரிலே எப்போதும் அணைந்த நிலையில்தான் தொடங்க வேண்டும் என்று ஓர் அமைப்பு. ரிலே போடப்பட்டால் 20 நிமிடத்தில் தானே அணைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. இதற்கு வைஃபையும் வேண்டாம், ராஸ்பெர்ரி பையும் வேண்டாம்.

நேற்று இரவு தொட்டி 24-க்கு வந்து மோட்டார் கிளம்பியதும், ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தோடு மோட்டார் அருகே போய் உட்கார்ந்தேன். அம்மாவும் நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். 19 நிமிடம் கடந்தது. 20 ஆனதும் கான்டாக்டர் 'டக்' என்று விழுந்தது. மேலே போய் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர் அசையாமல் நின்றது.